கல்யாணத்துக்குத் தலையாட்டும் முன்: வட சென்னைச் சபைகளில் வளர்ந்த தம்பிகளுக்கு

வியாசர்பாடி_மேம்பாலம்:

சபையில் வளர்ந்த, ஆண்கள்மேல் மட்டுமே ஈர்ப்பு வருகிற தம்பிகள் சிலர் எனக்குத் தனியாக எழுதுகிறார்கள். எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான். "அண்ணே, வீட்டில் எப்போ சொல்றது, எப்படிச் சொல்றது?" என் பதிலை இங்கேயே பொதுவில் வைக்கிறேன். வீட்டில் சொல்ல அவசரமே கிடையாது. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லத்தான் அவசரம். நீ யார் என்பதை நாற்பது வயதில் சொன்னாலும் யாருக்கும் நஷ்டமில்லை. கல்யாணத்துக்குத் தலையாட்டிவிட்டால் ஒன்றும் தெரியாத ஒரு பெண்ணின் வாழ்க்கையும் உன்னோடு சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

நான் வியாசர்பாடி. மொட்டை மாடியில் தகர ஷீட் போட்ட சபை. ஞாயிறு காலை ஆராதனை, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், மாதத்தில் ஒரு முழு இரவு ஜெபம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அம்மா பெண்கள் ஜெபக்குழுவை நடத்துவார். நான் கீபோர்டு வாசிப்பேன். எங்கள் சந்தில் குடி இல்லாத, வட்டிக்காரன் வந்து நிற்காத வீடு எங்களுடையது. அந்த நிம்மதியை அம்மாவுக்குக் கொடுத்தது சபைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வட சென்னை என்றாலே வெட்டுக்குத்து என்று ஊர் பேசுகிற நேரத்தில், எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மேடையேற்றி, படி படி என்று விரட்டிய இடம் அது. அதனால்தான் அங்கிருந்து வரும் சொல் இவ்வளவு ஆழமாக இறங்குகிறது. எங்களைப் பிடிக்காதவன் சொல்லியிருந்தால் காதில் போட்டுக்கொண்டே இருக்க மாட்டோம்.

பதினாலு வயது வாக்கில் எனக்குத் தெரிந்துவிட்டது. வாலிபர் கூட்டத்தில் எப்போதும் ஒரே எச்சரிப்பு: பெண்பிள்ளைகளைத் தவறாகப் பார்க்காதே. எனக்கு அதில் கஷ்டமே இல்லை. "இந்தப் பையன் ஒரு பொண்ணையும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டான், இப்படிப் பிள்ளை வளர்க்கணும்" என்று பாஸ்டர் ஐயா மைக்கில் சொல்வார், அம்மா முந்தானையால் கண்ணைத் துடைப்பார். திட்டு வாங்கியிருந்தால் எதிர்த்து நிற்கலாம். அந்தப் பாராட்டை எதிர்த்து எப்படி நிற்பது?

கல்லூரி முதல் வருடத்தில் ஒரு மூப்பரிடம் சொன்னேன். அடுத்த உபவாச ஜெபத்தில் என்னை நடுவில் உட்கார வைத்து, தலையில் எண்ணெய் ஊற்றி, ஆவியே வெளியே போ என்று மணிக்கணக்கில் கத்தினார்கள். தோளைப் பிடித்து அழுத்தினார்கள். அழுத்தியவர்களும் அழுதார்கள். அது நடிப்பு இல்லை. எனக்காகத்தான் அழுதார்கள். முடிந்ததும் மூப்பர் அம்மாவிடம் சொன்ன தீர்வு: "படிப்பு முடிஞ்ச கையோட ஒரு கால்கட்டு போட்டுடுங்க. கர்த்தர் மீதியைப் பார்த்துக்குவார்."

தம்பி, அந்தக் கால்கட்டைப் பற்றித்தான் இந்த இழை. முதலில் ஒரு வேலை. பிறகு உன் மார்க் ஷீட், ஆதார், பாங்க் பாஸ்புக் எல்லாம் உன் கையில். முடிந்தால் தனியாக ஓர் அறை. அதற்குப் பிறகு "எனக்குக் கல்யாணம் வேணாம்". காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை.


தோமா_ராயபுரம்:

அண்ணே, அந்த மைக் பாராட்டு எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலிலும் அப்படியே நடந்தது. நான் பீடப்பையன். "இவன் சாமியாராப் போவான்" என்று ஊரே சொல்லும். செமினரிக்குப் போகவும் தயாராக இருந்தேன். எனக்கு அழைத்தல் இருந்ததா, கல்யாணத்திலிருந்து தப்பிக்கத்தான் நினைத்தேனா என்று அப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. குருத்துவத்தை ஒளிந்துகொள்ளும் இடமாக எடுத்துக்கொள்ளாதே என்று ஒரு வயதான ஃபாதர் சொன்னார். காரணம் கேட்கவே இல்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் மேல் எனக்கு இன்றும் நன்றி உண்டு.


சாட்சி_தண்டையார்பேட்டை:

சகோதரருக்கு ஸ்தோத்திரம். நான் யாரையும் வெறுத்து எழுதவில்லை. வாலிபர் ஊழியத்தில் பல வருடங்களாக இருக்கிறேன். லேவியராகமம் 18-ஆம் அதிகாரமும் ரோமர் முதல் அதிகாரமும் இதைப் பற்றித் தெளிவாகவே பேசுகின்றன. வசனத்தை என் வசதிக்கு வளைக்க எனக்கு அதிகாரமில்லை. உங்களைப் பிடித்து அழுத்தியது தவறு, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜெபத்தினால் விடுதலை பெற்று, திருமணம் செய்து, பிள்ளைகளோடு சந்தோஷமாக இருக்கும் சகோதரர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த நம்பிக்கையை வாலிபர்களிடமிருந்து பிடுங்காதீர்கள் என்று அன்போடு கேட்கிறேன்.


வியாசர்பாடி_மேம்பாலம்:

அன்பாகக் கேட்டதால் அன்பாகவே பதில் சொல்கிறேன்.

வசனத்துக்கு வசனம் வைத்து நான் சண்டை போடப் போவதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பாவத்துக்காகக் கடவுள் அழித்ததாக வேதம் சொல்லும் சோதோம் ஊர் என்றாலே எங்களைத்தான் கைகாட்டுவீர்கள். எசேக்கியேல் 16:49-ல் சோதோமின் அக்கிரமம் என்று எதைச் சொல்லியிருக்கிறது? கர்வம், வயிறு நிறைந்த சோம்பல், ஏழைக்குக் கை கொடுக்காதது. 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், வயதுவந்த இருவர் சம்மதத்தோடு இருப்பது இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவின்படி குற்றமில்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள். வெள்ளைக்காரன் 1860-இல் எழுதி வைத்த சட்டம் அது. அந்த வார ஞாயிறு எங்கள் சபையில் பிரசங்கம் சோதோமைப் பற்றி. நான் கீபோர்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். இந்த எசேக்கியேல் வசனத்தை யாரும் வாசிக்கவில்லை. இதே சபைதான் 2015 டிசம்பர் வெள்ளத்தில், வியாசர்பாடியில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது, மதம் பார்க்காமல் தெருவுக்கே சாம்பார் சாதம் கிண்டிக் கொடுத்தது. ஏழைக்குக் கை கொடுப்பது என்றால் என்ன என்று எனக்குக் காட்டியவர்கள் நீங்கள்தான். அதனால்தான் அன்றைய பிரசங்கம் அப்படி வலித்தது.

விடுதலை பெற்ற சகோதரர்களைப் பற்றிச் சொன்னீர்கள். எங்கள் சபையிலும் ஓர் அண்ணன் இருந்தார். மாற்றம் வந்தது என்று சாட்சி சொன்னார், சபை கைதட்டியது, கல்யாணம் நடந்தது. சாட்சி சொன்ன அன்றைக்கு அவர் பொய் சொல்லவில்லை. மாறிவிட்டோம் என்றே நம்பினார். இரண்டு வருடம் கழித்து அந்த அக்கா தாய்வீட்டுக்கு வந்தபோது எந்தச் சபையும் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கவில்லை. மேடையில் சாட்சி கேட்கிறீர்கள். அந்த மனைவியிடம் ஒருமுறை கேளுங்கள்.


கொருக்குப்பேட்டை_அக்கா:

அந்த மனைவிகிட்ட கேளுங்கன்னு எழுதியிருக்கீங்க. நான் வேற ஊரு, வேற சபை. ஆனா நானும் அப்படி ஒரு மனைவிதான். அதனால சொல்றேன்.

எனக்கு 2012-ல கல்யாணம். அவர் நல்ல மனுஷன். குடிக்க மாட்டார், கை ஓங்க மாட்டார், சம்பளத்தைக் கொண்டுவந்து கையில கொடுப்பார். ராத்திரி மட்டும் திரும்பிப் படுத்துக்குவார். முதல் மாசம் கூச்சம்னு நினைச்சேன். அப்புறம் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். கண்ணாடி முன்னாடி நின்னு, நிறமா, உடம்பா, வாய் நாத்தமா, எதுன்னு தேடினேன். யார்கிட்ட போய்க் கேக்கறது? எங்க அம்மாகிட்ட சொன்னதுக்கு, ஆம்பளையை வசப்படுத்தத் தெரியலையான்னு கேட்டாங்க.

ஒரு வருஷம் தாண்டினதும் குழந்தைப் பேச்சு ஆரம்பிச்சது. மாமியார் என்னை ஒவ்வொரு ஜெபக்கூட்டமாக் கூட்டிட்டுப் போனாங்க. குழந்தை இல்லாம அழுது ஜெபம் பண்ணிப் பிள்ளை பெத்த அன்னாளைப் பத்திப் பிரசங்கம் பண்ணி, எல்லார் முன்னாடியும் என் வயித்துல கை வெச்சு ஜெபம் பண்ணுவாங்க. ஆஸ்பத்திரியில எனக்குத்தான் ஸ்கேன், ரத்தம், எல்லாம். டாக்டரம்மா, வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்கன்னு சொன்ன அன்னிக்கு அவர் வரவே இல்ல. அந்தக் கூட்டத்துல அவரும் தலை குனிஞ்சு உக்காந்திருப்பார். எனக்குக் குறை இல்லைன்னு அந்த ஒருத்தருக்குத் தெரியும். வாயைத் திறக்க அவரால முடியல. அவர் மேல எனக்கு இப்போ கோவம் கம்மி. அவரை அந்த இடத்துல கொண்டுவந்து உக்கார வெச்சவங்க மேல கோவம் கம்மி ஆகல.

கடைசியில அவரே ஒரு ராத்திரி அழுது சொன்னார். "கல்யாணம் பண்ணா சரியாகும்னு சொன்னாங்க, நம்பினேன்." சபைக்குப் போய்ச் சொன்னேன். நீ இன்னும் உபவாசம் இருக்கணும்மான்னாங்க. அவர் மாறுறதுக்கு நான் பட்டினி கிடக்கணுமாம்.

கிறிஸ்தவங்களுக்குச் சம்மத விவாகரத்துன்னு ஒண்ணு சட்டத்துல வந்ததே 2001-லதான். முன்னாடி இருந்த பொம்பளைங்க என்ன பண்ணாங்களோ. நாங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுப் பிரிஞ்சோம். கோர்ட்டுல காரணம் எதுவும் கேக்கல. தெருவுல கேட்டாங்க. இப்போ எம்.சி. ரோடு கடைங்களுக்கு பிளவுஸ், சுடிதார் தைச்சுக் கொடுக்கற ஒரு சின்ன யூனிட் வெச்சிருக்கேன். நல்லா இருக்கேன். ஆனா என் இருபதுகள் திரும்பி வராது.

சாட்சி அண்ணா, நீங்க பார்த்த அந்தச் சகோதரர்களோட மனைவிங்ககிட்ட நீங்க தனியாப் பேசியிருக்கீங்களா? அவங்க வீட்டுக்காரர் பக்கத்துல இல்லாம?


மண்ணடி_மழை:

அக்கா, நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். நான் முஸ்லிம். இழை சபையைப் பத்தினதுன்னாலும் எங்க தெருவுலயும் இதே கதைதான், பேர்தான் வேற.

வாப்பாவுக்கு பர்மா பஜார்ல கடை. சின்னதுல மதரஸா, அப்புறம் ஸ்கூல், அப்புறம் கடை. ஆம்பளைங்க மேல ஆசைப்பட்டதால அழிஞ்சதாச் சொல்ற லூத் நபி காலத்துச் சமூகத்தைப் பத்தி பயான், அதாவது பிரசங்கம், வரும்போதெல்லாம் தொண்டை காஞ்சு போகும். பக்கத்துல உக்காந்திருக்கறவனுக்கு என் நெஞ்சு அடிக்கறது கேக்குமோன்னு பயமா இருக்கும். இன்னிக்கும் அஞ்சு நேரம் தொழறேன். நோன்பு விட்டதில்ல. ஈமானையும், அதாவது இறைநம்பிக்கையையும், இதையும் ஒண்ணா வெச்சு வாழ முடியாதுன்னு ரெண்டு பக்கமும் சொல்றாங்க. பள்ளிவாசல்லயும் சொல்றாங்க, இந்த மாதிரி இடங்கள்ல தீனை, மார்க்கத்தை, விட்டுட்டு வான்னும் சொல்றாங்க. ரெண்டு பேரும் எனக்காக முடிவு எடுக்க வேணாம். நான் ரெண்டோடயும்தான் வாழறேன்.

மேம்பாலம் அண்ணனோட ஒரு விஷயத்துல எனக்கு ஒத்துப்போகல. தனி அறை எடுன்னு சுலபமா எழுதிட்டீங்க. கல்யாணம் ஆகாத ஆம்பளைக்கே வீடு கிடைக்காது. பேரு முஸ்லிம் பேரா இருந்தா புரோக்கர் ஃபோனையே எடுக்க மாட்டான். எங்க தெருவுல கேட்டா மறுநாள் வாப்பாவுக்குத் தெரிஞ்சிடும். வேலையும் வாப்பா கடைதான், சம்பளம்னு தனியா ஒண்ணும் கிடையாது. என் மாதிரி ஆளு என்ன பண்ணணும்? நான் பண்ணினதைச் சொல்றேன். வெளியில ஒரு கம்ப்யூட்டர் ஹார்டுவேர் கோர்ஸ் முடிச்சு, பெங்களூர்ல வேலை தேடிப் போனேன். வீட்டுல சண்டை இல்ல, தொழில் கத்துக்கறான்னு சொல்லிட்டாங்க. நிக்காஹ் பேச்சு வரும்போது ராத்தாகிட்ட, எங்க அக்காகிட்ட, மட்டும் உண்மையைச் சொன்னேன். ராத்தா ஒரு வாரம் பேசல. அப்புறம் உம்மாகிட்ட, "அவனுக்கு இஷ்டமில்ல, கட்டாயத்துல நிக்காஹ் கூடாது"ன்னு அவங்களே பேசி நிறுத்தினாங்க. சம்மதம் இல்லாத நிக்காஹ் செல்லாதுன்னு மார்க்கத்துலயே இருக்கு. அதைப் பொண்ணுக்கு மட்டும் சொல்றாங்க, பையனுக்கும் அதுதான்.

எல்லாருக்கும் சொல்லத் தேவையில்ல. வீட்டுக்குள்ள ஒரே ஒரு ஆளு தெரிஞ்சிருந்தா போதும். அந்த ஆளைச் சரியாப் பார்த்துத் தேர்ந்தெடுங்க.

இன்னொண்ணு. வளைகுடா போனா வீட்டுத் தொல்லை தீரும்னு கிளம்பற பசங்களுக்கு: அங்க பல நாட்டுல இது இன்னும் குற்றம். ஃபோன்ல இருக்கற ஒரு மெசேஜே வம்பாகிடும். தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.


வியாசர்பாடி_மேம்பாலம்:

மண்ணடி தம்பி, வீடு விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. அறை கிடைக்கும்வரை காத்திரு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வேலையும் சர்டிபிகேட்டும் போதும். ஹாஸ்டலோ மேன்ஷனோ வேறு ஊரோ, எது கிடைக்கிறதோ அது.


ஒற்றியூர்_அலை:

அண்ணன்மாரே, ஒரு பொண்ணும் பேசட்டும். எங்க கணக்கே வேற. நீங்க வேணாம்னு சொன்னா, பையன் பிடிவாதம் பிடிக்கறான்னு ரெண்டு வருஷம் தள்ளிப்போடுவாங்க. நாங்க வேணாம்னு சொன்னா ஃபோனைப் பிடுங்கி, வேலையை நிறுத்தி, கதவைச் சாத்துவாங்க.

எங்க வீடு திருவொற்றியூர். வடிவுடையம்மனுக்கு வெள்ளிக்கிழமை தவறாம போற குடும்பம். எனக்கு ஒரு தோழி இருக்கான்னு தெரிஞ்சதும் என்னைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகல. மோகினி பிடிச்சிருக்குன்னு ஒரு ஆள்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. வேப்பிலையால அடிச்சு, எலுமிச்சம்பழம் அறுத்து, மொளகாப் புகை போட்டாங்க. ஞானஸ்நான வீடா இருந்தா எண்ணெய், எங்க வீடா இருந்தா வேப்பிலை. ஆவின்னு சொல்ற வார்த்தை ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான். அதனால சபையை மட்டும் குறை சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்ல.

பொண்ணுங்களுக்கு நான் சொல்றது சட்டம். இதை நல்லாப் படிச்சு வெச்சுக்கோங்க. மதுரையில இருந்து ரெண்டு பொண்ணுங்க சென்னைக்கு வந்தாங்க. வீட்டுல காணோம்னு போலீஸ்ல புகார். அவங்க ஹைகோர்ட்டுக்குப் போனாங்க. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், எனக்கே இந்த விஷயம் முழுசாப் புரியல, புரிஞ்சுக்கிட்டுத் தீர்ப்புச் சொல்றேன்னு ஒரு உளவியலாளர்கிட்ட போய் உக்காந்தார். 2021 ஜூன் 7-ல உத்தரவு போட்டார். வயசு வந்த ரெண்டு பேர் விருப்பப்பட்டுப் போயிருக்காங்கன்னா, போலீஸ் அவங்க வாக்குமூலத்தை வாங்கிட்டுத் தொல்லை கொடுக்காம புகாரை முடிக்கணும். மாத்தறேன்னு சொல்லி யாரும் சிகிச்சை கொடுக்கக் கூடாது, கொடுத்தா நடவடிக்கை. அதுக்கு அப்புறம் 2022-ல தமிழ்நாடு போலீஸ் நடத்தை விதியிலயே, எங்களைத் துன்புறுத்தக் கூடாதுன்னு சேர்த்தாங்க.

2025 மே மாசம் இன்னொரு வழக்கு. வீட்டுல அடைச்சு வெச்ச ஒரு பொண்ணை மீட்கச் சொல்லி அவளோட தோழி ஹைகோர்ட்டுக்குப் போனா. ரெண்டு நீதிபதிகள் அமர்வு, குடும்பம் அமைக்கறதுக்குக் கல்யாணம் மட்டுமே வழி இல்லன்னு எழுதி, அந்தப் பொண்ணை அவ விருப்பப்படி போக விட்டாங்க. கோர்ட்டு நம்ம ஊர்லதான் இருக்கு. பாரிமுனையில பஸ்ஸை விட்டு இறங்கினா கேட் தெரியும். பீச் ஸ்டேஷன்ல இருந்து நடந்தே போயிடலாம்.

வீட்டை விட்டுப் போறதா இருந்தா, என் விருப்பத்துல போறேன், எனக்கு 18 முடிஞ்சிருச்சு, யாரும் கடத்தலன்னு கைப்பட எழுதி, ஒரு காப்பியை போலீஸ் ஸ்டேஷனுக்குப் பதிவுத் தபால்ல அனுப்புங்க, ஒண்ணை நம்பிக்கையான ஆள்கிட்ட கொடுங்க. அடிச்சா, அடைச்சா பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிடுங்க. நகையை எடுத்துட்டுப் போகாதீங்க. அம்மா நகையில ஒரு குண்டுமணி எடுத்தாக்கூட திருட்டுக் கேஸ் போட்டு, உங்களை இல்லன்னா உங்க தோழியைப் பிடிப்பாங்க.


ஸ்டான்லி_பக்கம்:

நான் மனநலப் பிரிவில் செவிலியர். அரசு மருத்துவமனையில் இருபது வருட அனுபவம். பெற்றோர் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, "இவனை மாத்திக் கொடுங்க" என்பார்கள். அவர்களுக்கு நாங்கள் சொல்வதை இங்கேயும் சொல்கிறேன்.

இது நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990-இல் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018-இல் பகிரங்கமாக அறிவித்தது. மாற்றுகிறேன் என்று மருந்தோ ஷாக்கோ கொடுத்தால், அது மருத்துவரின் தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் சொல்லிவிட்டது. 2017 மனநலச் சட்டத்தின்படி, குடும்பமோ சமூகமோ வைத்திருக்கும் ஒழுக்க வழக்கத்துக்கு ஒருவர் ஒத்துப்போகவில்லை என்பதற்காக மட்டும் அவரை மனநோயாளி என்று சொல்ல முடியாது.

ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு நோய் வரும், அதை மறைக்கக் கூடாது. தூக்கமின்மை, மன அழுத்தம், சாக வேண்டும் என்ற எண்ணம். ஈர்ப்பு அதற்குக் காரணமில்லை. ஒளிந்து வாழ்வதும், தன்னைத் தானே அருவருப்பதும்தான் காரணம். அதற்குச் சிகிச்சை உண்டு, நன்றாகக் குணமாகும். எனவே மருத்துவரிடம் போகவே போகாதே என்று யாரும் சொல்லாதீர்கள். போனதும் முதலில் ஒன்று கேளுங்கள்: "இதை மாத்த முடியும்னு நினைக்கிறீங்களா?" முடியும் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இரவில் தாங்க முடியவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண் 14416-ஐக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். அரசின் மருத்துவ உதவி எண் 104-உம் இருக்கிறது.

இன்னொன்று. பயத்தில் ஒளிந்து ஒளிந்து சந்திப்பவர்கள் பரிசோதனைக்கும் வரமாட்டேன் என்கிறார்கள். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், வெளியே சொல்ல மாட்டார்கள். வந்தால் காப்பாற்ற முடியும். வராமல் இருந்தால்தான் கை மீறும்.


சாட்சி_தண்டையார்பேட்டை:

கொருக்குப்பேட்டை சகோதரி கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த மனைவிகளிடம் நான் தனியாகப் பேசியதில்லை. என் மனைவியிடம் இந்த இழையைப் படிக்கக் கொடுத்தேன். அவர்களில் ஒருவரைப் பற்றி அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. என்னிடம் சொன்னால் ஜெபக்குறிப்பாக மேடையில் சொல்லிவிடுவேன் என்று பயந்து சொல்லவில்லையாம்.

வசனத்தைப் பற்றிய என் விசுவாசம் மாறவில்லை. ஆனால் திருமணத்தை மருந்தாகச் சொல்வது இனி என் வாயிலிருந்து வராது. ஒரு மகளை இன்னொருவரின் சோதனைக்குப் பலியாக வைக்க வேதத்தில் இடமில்லை. நிஜமாகவே ஒன்று கேட்கிறேன், குத்தலாக இல்லை. திருமணமும் இல்லை என்றால் இந்தத் தம்பிகள் வயதான காலத்தில் யாரோடு இருப்பார்கள்? தனியாகவே சாக வேண்டுமா?


மண்ணடி_மழை:

உங்க கேள்வி எங்க எல்லாருக்கும் உள்ளதுதான் ஐயா. உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர்ல, இப்போதைய சட்டத்துல கல்யாண உரிமை கொடுக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு. அந்தக் கதவு மூடித்தான் இருக்கு. அதுக்காகத் தனிமைதான்னு இல்ல. 2024 ஆகஸ்ட்ல மத்திய நிதியமைச்சகம், எங்களை மாதிரி ஆளுங்க ஜோடியா ஜாயிண்ட் அக்கவுண்ட் திறக்கலாம், துணையை நாமினியாப் போடலாம், தடை இல்லன்னு அறிவிச்சது. சின்ன விஷயம்தான். ஆனா ஆஸ்பத்திரியில கிடக்கும்போது அந்தக் கணக்குல இருந்து பணம் எடுத்துக் கட்ட ஒருத்தர் இருக்கறதுதானே குடும்பம்?

1998-ல இருந்து சென்னையில சகோதரன் அமைப்பு இருக்கு. ஓரினம்னு ஒரு குழு இருக்கு, தமிழ்லயே பேசறாங்க, பெத்தவங்களுக்கும் உதவறாங்க. 2009-ல இருந்து ஜூன் மாசம் வானவில் பேரணி நடக்குது. முதல் தடவை ஓரமா நின்னு பார்த்துட்டு வந்தேன். நரைச்ச தலையோட ரெண்டு பெரியவங்க, ஒருத்தர் பையை இன்னொருத்தர் தூக்கிக்கிட்டு நடந்தாங்க. இந்த வயசு வரைக்கும் நம்மளால இருக்க முடியும்னு அதுக்கு முன்னாடி நான் நினைச்சதே இல்ல.


வியாசர்பாடி_மேம்பாலம்:

அம்மாவைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். நான் வேண்டாம் என்று சொன்னதும் அம்மா சாப்பிடாமல் படுத்துவிட்டார். அப்பா கத்தினார். பெரியம்மா, மாமா எல்லாரும் வரிசையாக வந்தார்கள். எல்லாரிடமும் அதையேதான் சொன்னேன்: "எனக்கு வேணாம். ஒரு பொண்ணை ஏமாத்த மாட்டேன்." காரணம் கேட்டவர்களுக்கு இதைத் தவிர எதுவும் சொல்லவில்லை. அம்மாவுக்கு மட்டும் மூன்று வருடம் கழித்து, நான் மாதவரத்துக்கு மாறிய பிறகு, சொன்னேன். அப்போது என் சம்பளத்தில்தான் அவர் கண் ஆபரேஷன் நடந்திருந்தது. ஒரே வார்த்தைதான் கேட்டார், "என் வளர்ப்புல குறையா?" இல்லம்மா என்றேன். நம்பினாரா என்று தெரியாது. ஜெபம் இன்றும் செய்கிறார். முன்பெல்லாம் என்னை மாற்ற வேண்டும் என்று செய்வார். இப்போது எனக்கு நல்ல துணை அமைய வேண்டும் என்கிறார். அந்தத் துணை யார் என்று சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. எங்கள் இருவருக்கும் இப்போதைக்கு அது போதும்.

நான் சபையை விட்டுவிட்டேன், கீபோர்டை விடவில்லை. பாட்டு வரும்போது இன்னும் கண் கலங்கும். அதை என்னிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது, சபையாலும் முடியாது.


காசிமேடு_23:

அண்ணே, எல்லாத்தையும் படிச்சேன். எனக்குப் பொண்ணு பார்த்து முடிச்சுட்டாங்க. நிச்சயம் ஆயிருச்சு. சர்ச்சுல இந்த ஞாயிறு கல்யாண அறிவிப்போட முதல் ஓலையை வாசிக்கப் போறாங்க. அப்பாவுக்கு லாஞ்சுல கடன் இருக்கு, பொண்ணு வீட்டுல கொஞ்சம் கொடுக்கறேன்னு சொல்லியிருக்காங்க. இனிமே எப்படிச் சொல்றது? லேட் ஆயிருச்சுல்ல?


தோமா_ராயபுரம்:

தம்பி, லேட் ஆகல. ஓலை வாசிக்கறதே, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது இருந்தா சொல்லுங்கன்னு கேக்கறதுக்குத்தான். ஞாயிறுக்கு முன்னாடி பங்குச் சாமியாரைத் தனியாப் போய்ப் பாரு. எனக்கு மனசார சம்மதம் இல்லை, வீட்டுல வற்புறுத்தறாங்கன்னு மட்டும் சொல்லு. சம்மதம் இல்லாத திருமணத்தைத் திருச்சபை திருமணமாவே ஏத்துக்காது. அவர் நிறுத்தியாகணும். வேற எதையும் நீ சொல்ல வேண்டியதில்ல.


கொருக்குப்பேட்டை_அக்கா:

தம்பி, பொண்ணு வீட்டுப் பணம் இன்னும் உங்க அப்பா கைக்கு வரலைன்னா ரொம்ப நல்லது, வாங்க விடாதே. வந்திருந்தா அதைத் தொடாம அப்படியே திருப்பிக் கொடுக்கச் சொல்லு. லாஞ்சுக் கடனுக்கு வேற வழி பார்த்துக்கலாம். பேசணும்னா எனக்குத் தனியா எழுது, சனிக்கிழமை சாயங்காலம் நான் ராயபுரம் பக்கம்தான் இருப்பேன். சாமியாரைப் பார்க்கத் தனியாப் போகப் பயமா இருந்தா நானும் கூட வரேன். என்ன சொந்தம்னு யாராவது கேட்டா, அக்கான்னு சொல்லிக்கோ.